விசையின் எடையும் வினையின் எடையும்

இம்சை எவ்விடத்தில் தொடங்குகிறது? உயிர் பிரியும் கணத்திலா, ஆயுதம் உயரும் கணத்திலா, அவ்வாயுதம் தீட்டப்படும் கணத்திலா? இல்லறத்தில் நிற்கும் சாவக சாவகியர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது. இதனை ஆராய, நம் நாட்டில் அதிகம் அறியப்படாத ஒரு பொழுதுபோக்கினை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்க நாட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்போருள் சிலர், அதன் விசையை வீட்டிலேயே இலகுவாக்கிக்கொள்கின்றனர். துப்பாக்கியின் சுத்தியைத் தடுத்து நிறுத்தும் சிறு எஃகு உறுப்பினை மெருகுக்கல்லால் தேய்த்தல், சுருள்வில்லை மாற்றுதல் முதலியன அவ்வேலையின் பகுதிகள். விசையில் ஓர் அளவுகோலை மாட்டி இழுத்து, எத்தனை பவுண்டு எடையில் அது விடுபடுகிறது எனக் கணக்கிடுவர். பல கைத்துப்பாக்கிகளில் அது ஏறத்தாழ 5 பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ. அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டாலோ, கீழே விழுந்த அதிர்ச்சியிலும் குண்டு பாயலாம். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் குற்றம். அங்கோ, சொந்தத் துப்பாக்கியில் இவ்வாறு வேலை செய்வதைச் சட்டம் பெரும்பாலும் தடுப்பதில்லை. எனினும் சட்டம் தடுக்காதவை எல்லாம் அறம் ஆகிவிடா.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்பதே நடுவுநிலைமை. “விசை கடினமாயின் இழுக்கும்போது கை அசையும், குறி தவறும். நாங்கள் சுடுவது காகிதத்தைத்தான்” என்பது அவர்தம் வாதம். இதில் உண்மை உண்டு. ஆயினும் பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் போட்டிகளிலேயே விசைக்குக் கீழெல்லை வகுத்துள்ளனர். 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிக்கு 500 கிராம். 25 மீட்டர் கைத்துப்பாக்கிக்கு 1000 கிராம். விளையாட்டுக்கும் ஒரு வேலி தேவைப்படுகிறது.

அவ்வாறாயின் விசையைக் கடினமாக்கினால் இம்சை குறையுமா? நியூயார்க் நகரக் காவல்துறை, தவறிச் சுடுவதைத் தவிர்க்கக் கருதிப் பல்லாண்டுகள் தன் கைத்துப்பாக்கிகளுக்கு 12 பவுண்டு விசையை விதித்திருந்தது. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் அருகே ஒரு கொலையாளியை நோக்கிக் காவலர் இருவர் சுட்டபோது, வழிச்சென்றோர் ஒன்பது பேர் காயமுற்றனர். குறி தவறியதற்குக் கடினமான விசையும் ஒரு காரணம் எனச் சிலர் கூறினர். 2014 நவம்பரில் புரூக்ளினில், இருண்ட மாடிப்படியில் துப்பாக்கியை உருவியவாறு சென்ற இளங்காவலர் ஒருவரின் கையில் அதே போன்ற கடின விசை இருந்தும் குண்டு பாய்ந்தது. குற்றமற்ற ஒருவர் உயிர் இழந்தார். 2016இல் நீதிமன்றம் அக்காவலரைக் குற்றவாளி எனத் தீர்த்தது. ஆகவே எடை மட்டும் காவல் ஆகாது என்பது தெளிவு.

நம் ஆகமங்கள் இவ்விடத்தில் ஒளி தருகின்றன. இம்சைக்கு வேர் ‘பிரமாதம்’ என்பர். இன்றைய பேச்சில் அச்சொல் பாராட்டாகிவிட்டது. ஆகம வழக்கில் அது விழிப்பின்மையைக் குறிக்கும். மேலும் தத்துவார்த்த சூத்திரம் வினையை எண்ணுதல், கருவி கூட்டுதல், தொடங்குதல் என மூன்றாகப் பகுக்கிறது. மனம், மொழி, மெய் மூன்று. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் மூன்று. குரோதம், மானம், மாயை, உலோபம் நான்கு. இவற்றைப் பெருக்கின் 108 ஆகும். விசையைத் தேய்ப்பவர் யாரையும் கொல்ல எண்ணவில்லை. ஆனால் கருவி கூட்டும் படியில் நிற்கிறார்.

அவர் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. விசையின் புதிய எடையை அறிந்தது அவருடைய விரல் ஒன்றே. துப்பாக்கியோ அவரிடமே நின்றுவிடுவதில்லை. அது மகன் கைக்குப் போகலாம், விலைக்குப் போகலாம், திருடன் கைக்கும் போகலாம். அவ்விரல்கள் பழைய எடையை எதிர்பார்த்து அதனைத் தொடும். கோடரி, வாள், தீ, சங்கிலி போன்றவற்றைப் பிறர்க்கு அளிப்பதை இரத்தினகரண்டக சிராவகாசாரம் ‘இம்சாதானம்’ எனப் பயனற்ற பாவங்களுள் சேர்த்திருப்பதன் நுட்பம் இதுவே. கொடுத்தவனின் நல்லெண்ணம் கருவியோடு கூடச் செல்வதில்லை. ஆகவே சாவகர்க்கு அக்கைவேலை தகாது என்றே நாம் துணிகிறோம்.

தொலைவில் உள்ளோரைப் பழித்து அமைவது எளிது. நம் இல்லங்களை நோக்குவோம். மின்சாரக் கொசு மட்டை இன்று எத்தனை வீடுகளில் தொங்குகிறது! பொத்தானை அழுத்தினால் ‘பட்’டென ஓர் ஓசை, குழந்தை கைகொட்டிச் சிரிக்கிறது. கொசுவலை கட்டினால் நோயும் வாராது, உயிரும் போகாது. கொல்லுதல் விளையாட்டாகுமாறு நாமே ஒரு விசையை இலகுவாக்கிப் பிள்ளை கையில் கொடுத்திருக்கிறோம். பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்ற நாம் கண்டறிந்தது, பிள்ளைகள் நம் உபதேசத்தைவிட நாம் கையில் கொடுத்த பொருளிலிருந்தே விரைவாகக் கற்கின்றனர் என்பதே.

சிறு எஃகுத் துண்டினை மணிக்கணக்காகப் பொறுமையோடு தேய்ப்பவரின் கவனம் உயர்ந்த பண்புதான். அப்பொறுமையை நம் சினத்தின்பால் செலுத்துவோமாக. நாள்தோறும் சாமாயிகத்தில் அமரும் சிறுபொழுது, மனத்தின் விசைக்கு எடை கூட்டும் பயிற்சியேயாகும். கடுஞ்சொல் நாவினின்று விடுபட இன்று எத்தனை பவுண்டு தேவைப்பட்டது என ஒவ்வொருவரும் இரவில் அளந்து பார்ப்போமாக.