காய்வதற்கு முன்

குளிர்நாடுகளில் தோட்ட டிராக்டரின் பின்னே, பழைய அச்சையும் சக்கரங்களையும் கொண்டு வீட்டிலேயே செய்த டிரெய்லரைப் பூட்டி விறகு இழுப்பார்கள். மேட்டில் எஞ்சின் முனகும். எல்லோரும் அதற்குத்தான் அஞ்சுவார்கள். ஆனால் ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. அதுவரை பின்னால் பணிவாக வந்த பாரம், அங்கே இழுக்கிற வண்டியையே முன்னே தள்ளத் தொடங்கும்.

வெட்டிய கையோடு ஏற்றினால் அந்தப் பாரம் இன்னும் கூடும். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி, தண்ணீர். அதை அவசரமாக ஏற்றுகிறவர் விறகோடு தண்ணீரையும் சேர்த்துத்தான் இழுக்கிறார். பிளந்து, காற்றாட அடுக்கி, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை பொறுத்தால் அதே விறகு இலேசாகும். அடுப்பில் புகையாமல் எரியும். அப்படிக் காய, மரத்தைப் பொறுத்து ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு ஆண்டும் ஆகலாம்.

நாம் மனத்தில் ஏற்றிக்கொண்டு திரியும் கோபங்களும் கவலைகளும்கூட, பல நேரம் காய்வதற்கு முன்பே ஏற்றப்பட்டவைதான்.

கொட்டகை ஓரத்தில் அடுக்கிய விறகு, கோடை முழுவதும், யாரும் தொடாமலே எடை குறைந்துகொண்டிருக்கிறது.