சொல்லுக்காகக் காத்திருத்தல்

பக்கவாதம் முதுமையின் நோய் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். இளைஞரையும் அது விட்டுவைப்பதில்லை. கொடைக்கானல் மேல்மலையில் பூண்டி போன்ற சிற்றூரில், உருளைக்கிழங்கும் மலைப்பூண்டும் விளையும் அடுக்கு நிலங்களில் ஏறி இறங்கி உழைப்பதே வாழ்வு. அங்கே இருபத்தைந்து வயதில் ஒருவனுக்கு வலக்கையும் பேச்சும் ஒருங்கே தளர்ந்துவிட்டால், அவன் பயனற்றவனாகி விடுகிறானா?

பெரும்பாலோர்க்குப் பேச்சையும் வலப்பக்க உடலையும் ஆள்வது மூளையின் இடப்பாதியே. அங்கே குருதியோட்டம் தடைப்பட்டால் இரண்டும் சேர்ந்தே பாதிக்கப்படலாம். சொல் தடுமாறுவதால் அறிவு அழிந்துவிட்டதென்று பொருளன்று. சொல்ல வேண்டியது உள்ளே இருக்கிறது, வெளிவரத்தான் நேரமாகிறது. நாமோ இரக்கம் மேலிட்டு அவன் தொடங்கிய வாக்கியத்தை நாமே முடித்துவிடுகிறோம். அவன் எதிரில் இருக்கவே, அவனைப் பற்றி அவன் தாயிடம் விசாரிக்கிறோம். கையை நோய் பறித்தது. குரலைப் பறிப்பவர்கள் நாமல்லவா?

1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், வேலூரில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்; பின்னர் மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியானார். இழந்ததை எண்ணி இரங்குவதோடு நில்லாமல், எஞ்சியதை மதித்தவர்கள் அவர் அருகில் இருந்தார்கள்.

கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்றவரை நால்வர் சுமந்தனர். சுமப்பது அன்பே. அவன் தன் சொல்லைத் தானே சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருப்பதும் அன்பே. 'எப்போது பழையபடி ஆவாய்?' என்பதை விடுத்து, 'இன்று என்ன நினைக்கிறாய்?' என்று கேட்போம். கேட்டபின் காத்திருப்போம்.