யார் செய்த தியாகம்?

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் பகுதியில் பிடிங்டன் என்றொரு சிற்றூர் உண்டு. 1781-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் அவ்வூர்த் தேவாலயத்தில் ஓர் எளிய திருமணம் நடைபெற்றது. மணமகன் செருப்புத் தைக்கும் தொழிலாளி. இருபது வயதுகூட நிரம்பாதவர். மணமகள் அவரைவிட ஐந்தாறு வயது மூத்தவர். திருமணப் பதிவேட்டில் மணமகன் தம் பெயரை எழுதினார். எழுதப் படிக்க அறியாத மணமகளோ தம் பெயருக்குப் பதிலாக ஒரு சிலுவைக் குறியை மட்டும் இட்டார்.

அந்த மணமகன் வில்லியம் கேரி. வங்க உரைநடையின் வளர்ச்சிக்கும் இந்திய மொழிகளின் அச்சுக் கலைக்கும் பெருந்தொண்டு ஆற்றியவர் என்ற வகையில் அவரது பெயரை நம் அன்பர்கள் பலர் அறிந்திருப்பார்கள். மணமகளின் பெயர் டோரதி. இந்தப் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. கேரியின் வரலாற்றை எழுதிய பழைய ஆசிரியர்களுள் பலர், பெரும்பணிக்கு நேர்ந்த ஓர் இடையூறாகவே அந்த அம்மையாரைக் குறிப்பிட்டுவிட்டு மேலே சென்றுவிட்டனர். ஜேம்ஸ் பெக் என்பவர் 1992-இல் டோரதியைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதும்வரை, அவர் பக்கம் நின்று இந்த வரலாற்றைப் பார்க்க முனைந்தவர் அதிகம் இல்லை.

ஆன்மிக வாழ்வில் தியாகம் என்ற சொல்லை நாம் மிகத் தாராளமாக வழங்குகிறோம். ஒருவர் பெரியதோர் இலட்சியத்திற்காக வீட்டையும் நாட்டையும் விட்டுச் சென்றார் என்று கேட்டால் நம் கரங்கள் தாமே குவிகின்றன. அவர் விட்டுச் சென்றவற்றுள் எவை அவருடையவை, எவை பிறருடையவை என்று நாம் விசாரிப்பதில்லை. டோரதியின் வாழ்க்கை அந்த விசாரணையைத் தவிர்க்க முடியாததாக்குகிறது.

தொழிற்கூடத்தில் தோலைத் தைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே கேரியின் உள்ளம் உலகமெங்கும் சுற்றிக்கொண்டிருந்தது. தாமே தயாரித்த உலகப் படம் ஒன்றைச் சுவரில் மாட்டி, ஒவ்வொரு நாட்டையும் பற்றித் தாம் படித்தறிந்தவற்றை அதில் குறித்துவைப்பார். பின்னர் பாப்டிஸ்ட் சபையின் போதகரானார். 1792-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கெட்டரிங் என்ற ஊரில் ஒரு வீட்டில் போதகர்கள் சிலர் கூடி, வெளிநாடுகளில் கிறிஸ்தவப் பணி செய்வதற்காக ஒரு சங்கத்தை நிறுவினர். அன்று எழுதப்பட்ட நன்கொடை 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ். அடுத்த ஜனவரியில், வங்காளம் சென்று திரும்பியிருந்த ஜான் தாமஸ் என்னும் மருத்துவருடன் செல்லத் தாம் தயார் என்று கேரி முன்வந்தார்.

அந்தக் கூட்டத்தில் டோரதி இல்லை. முடிவான பிறகே செய்தி அவரை வந்தடைந்தது. இரண்டு பெண் மகவுகளை ஏற்கெனவே மண்ணுக்குக் கொடுத்த தாய் அவர். மூன்று சிறுவர்களை வைத்துக்கொண்டு மீண்டும் கருவுற்றிருந்தார். பிப்ரவரியில் பிரான்சுடன் போர் மூண்டு கடற்பயணம் ஆபத்தாகிவிட்டது. ‘நான் வரவில்லை’ என்று மறுத்துவிட்டார் டோரதி. மூத்த மகன் ஃபீலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு புறப்படுவது என்று கேரி தீர்மானித்தார். துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். உலகமே தம்முடையதாக இருந்தாலும், மனைவி மக்கள் உடனிருப்பதற்காக அதை மகிழ்ச்சியுடன் கொடுத்துவிடுவதாகவும், ஆயினும் கடமை உணர்ச்சி மற்ற எல்லாவற்றையும் மேற்கொண்டுவிட்டதாகவும் அதில் தெரிவித்திருந்தார். அன்பில்லாத மனிதரின் கடிதம் அன்று அது. அந்த நாட்களில்தான் டோரதிக்கு நான்காவது மகன் ஜேபஸ் பிறந்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியின்றிப் பாதிரிமார்கள் இந்தியா செல்ல முடியாத காலம் அது. போதாக்குறைக்குத் தாமஸுக்குக் கடன்காரர்கள் தொல்லை வேறு. இருவரும் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டனர். கேரி வாழ்வில் நிகழ்ந்த தெய்வச் செயல் என்று இதைப் போற்றுவோர் உண்டு. குடும்பத்தைச் சேர்த்து அழைத்துச் செல்ல இந்தத் தடையே வழி திறந்தது அல்லவா? வழி திறந்தது எப்படி என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இருவரும் டோரதியிடம் வந்தனர். அவர் மீண்டும் மறுத்தார். வெளியேறிய தாமஸ் மனம் பொறாமல் தனியாகத் திரும்பிச் சென்றார். ‘இப்போது வராவிட்டால் குடும்பம் என்றென்றைக்குமாகச் சிதறிவிடும், வாழ்நாள் முழுவதும் இதற்காக வருந்துவாய்’ என்ற பொருள்பட அச்சுறுத்தும் வகையில் பேசினார். பிள்ளை பெற்றுச் சில வாரங்களே ஆன அந்தத் தாய் பணிந்தார். ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: தம் தங்கை கேத்தரின் உடன் வர வேண்டும். ஒரு நாளுக்குள் வீட்டுப் பொருள்களை விற்றும் மூட்டை கட்டியும் முடித்தாயிற்று. 1793-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் டோவர் துறையிலிருந்து ஒரு டேனிஷ் கப்பல் அவர்களை ஏற்றிச் சென்றது.

யாக்ஞவல்கியர் வீட்டைத் துறந்து செல்ல எண்ணியபோது தம் மனைவியர் இருவருக்கும் உடைமைகளைப் பகிர்ந்தளிக்க விரும்பியதாகப் பிருஹதாரண்யக உபநிஷதம் கூறுகிறது. ‘இந்தச் செல்வம் எனக்கு அமரத்துவம் தருமா?’ என்று வினவிய மைத்ரேயியைப் போற்றாத சொற்பொழிவாளர் இல்லை. மற்றொரு மனைவியான காத்யாயனி என்ன நினைத்தார்? உபநிஷதத்தில் அவருக்கு ஒரு வாக்கியமும் இல்லை. ஆயினும் அவர் மைத்ரேயியைப் போல் ஆகவேண்டும் என்று முனிவர் வற்புறுத்தவில்லை. அவருக்குரிய பங்கை உறுதிசெய்த பின்னரே செல்ல எண்ணினார். டோரதியும் ஒரு காத்யாயனியே. கணவரின் தாகம் அவருக்கு இல்லை. இல்லாதது குற்றமும் ஆகாது. சாதகனின் வைராக்கியம் தொற்றுநோய் போல் வீட்டில் உள்ள எல்லோரையும் பற்றிக்கொள்ளும் என்று எங்கும் விதியில்லை.

நவம்பர் 11-ஆம் நாள் கல்கத்தா வந்து சேர்ந்தனர். கையில் இருந்த பணம் தாமஸின் பொறுப்பில் விரைவிலேயே கரைந்தது. பேண்டல், மானிக்தலா என்று இடம் மாறினர். டோரதியையும் ஃபீலிக்ஸையும் கடுமையான வயிற்றுக்கடுப்பு வாட்டியது. அடுத்த பிப்ரவரியில் புலிகள் திரியும் சுந்தரவனக் காட்டோரத்திற்குக் குடிபெயர்ந்தனர். பணியின் உயர்வை உணராமல் மனைவியும் மைத்துனியும் ஓயாது குறைகூறுகிறார்கள் என்று கேரி தம் நாட்குறிப்பில் வருந்தினார். அவருடைய வருத்தம் உண்மையானதே. ஆனால் கைக்குழந்தையுடன், ரொட்டிக்கும் வழியின்றி, மொழி தெரியாத காட்டில் நிற்கும் பெண்கள் வேறு என்ன கூறுவார்கள்? அங்கு அவர்களுக்கு இடமளித்துக் காத்தவர் சார்லஸ் ஷார்ட் என்னும் கம்பெனியின் உப்பு அதிகாரி. மால்டாவுக்கு அருகிலுள்ள மதனாவதியில் அவுரித் தொழிற்சாலையை நிர்வகிக்கும் வேலை கேரிக்குக் கிடைத்தது. குடும்பம் படகேறியது. கேத்தரின் உடன் செல்லவில்லை. ஷார்ட்டை மணந்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார். எந்த ஒரே நிபந்தனையின்மேல் டோரதி கப்பலேறினாரோ, அது ஓராண்டு முடியும் தறுவாயில் கைவிட்டுப் போயிற்று. யார்மீதும் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அந்தப் படகில் டோரதி எப்படி அமர்ந்திருந்தார் என்பதை எந்த நாட்குறிப்பும் பதிவு செய்யவில்லை.

அவ்வாண்டு அக்டோபரில் ஐந்து வயதைக் கடந்திருந்த மகன் பீட்டர் நோயுற்று இறந்தான். சாதிக் கட்டுப்பாட்டிற்கு அஞ்சி, பிணப்பெட்டி செய்யவோ குழி தோண்டவோ ஆள் அகப்படவில்லை. கேரியே நோயால் நலிந்திருந்தார். கடைசியில் நான்கு முஸ்லிம்கள் சேர்ந்து குழி தோண்டினர்.

இதன் பிறகு டோரதியின் மனம் நிலைகுலையத் தொடங்கியது. கணவர் தமக்குத் துரோகம் செய்கிறார் என்ற தீராத ஐயம் அவரைப் பற்றிக்கொண்டது. தெருவில் பின்தொடர்ந்து வந்து பழிப்பார். சில வேளைகளில் கணவரின் உயிருக்கே ஆபத்து நேரும் அளவுக்குச் சீற்றம் எழும். மனநோயின் காரணங்களை இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் நின்று தீர்ப்புக் கூறுவது முறையன்று. இங்கிலாந்திலேயே இருந்திருந்தாலும் அது வந்திருக்கக்கூடும். ஆனால் அவரிடமிருந்து ஒவ்வொன்றாக நழுவிச் சென்றவற்றை எண்ணிப் பார்க்காமல் அந்த நோயைப் பற்றிப் பேசுவதும் முறையாகாது.

1800-ஆம் ஆண்டு ஜனவரியில் குடும்பம் செராம்பூருக்கு வந்தது. ஹூக்ளிக் கரையிலுள்ள அவ்வூர், நம் தரங்கம்பாடியைப் போல, அன்று டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. அங்கே ஜோஷுவா மார்ஷ்மனும் வில்லியம் வார்டும் கேரியுடன் இணைந்தனர். தாயின் கவனிப்பும் தந்தையின் நேரமும் கிட்டாமல் வளர்ந்த சிறுவர்களை மார்ஷ்மனின் மனைவி ஹன்னா அம்மையார் அரவணைத்து ஒழுங்குபடுத்தினார். பெரும்பணிகளின் வரலாற்றில் இத்தகைய ஓர் அம்மையார் பெரும்பாலும் இருக்கவே செய்கிறார். பெயர்தான் தலைப்பில் வருவதில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 28-ஆம் நாள், ஏழாண்டு உழைப்பின் முதல் பலனாகக் கிருஷ்ண பால் என்னும் தச்சர் ஹூக்ளியில் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு முன்பாக ஃபீலிக்ஸும் தந்தையின் கையாலேயே நீரில் மூழ்கி எழுந்தான். டேனிஷ் கவர்னர் கண்ணீர் மல்க நின்றார். கேரி நெடுங்காலம் எதிர்நோக்கிய நாள் அது. அந்த நாளில் அந்த வளாகத்தில் வேறு இரண்டு குரல்களும் கேட்டன. மகிழ்ச்சியின் மிகுதியால் அறிவு கலங்கிய ஜான் தாமஸ் ஓர் இடத்தில் கட்டுக்காவலில் பிதற்றிக்கொண்டிருந்தார். பாதையின் எதிர்ப்புறத்தில், பூட்டிய அறைக்குள் டோரதி கதறிக்கொண்டிருந்தார். வற்புறுத்தி அழைத்துவந்தவரும் வற்புறுத்தலுக்கு இணங்கி வந்தவரும் ஒரே நாளில் இருபுறமும் அரற்ற, நடுவே தோத்திரப் பாடல்கள் ஒலித்தன. மார்ஷ்மனின் மகன் எழுதிய வரலாற்றில் இக்காட்சி மறைக்கப்படாமல் இடம்பெற்றிருக்கிறது.

1801-இல் வங்க மொழியில் புதிய ஏற்பாடு வெளிவந்தது. கேரி ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் ஆசிரியரானார். இலக்கணங்களும் அகராதிகளும் மொழிபெயர்ப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக அச்சேறின. அவற்றுள் பெரும்பகுதி எழுதப்பட்டபோது அடுத்த அறையிலிருந்து அந்தக் கதறல் வந்துகொண்டிருந்தது. மனைவியை மனநோய் விடுதியில் சேர்த்துவிடுமாறு நண்பர்கள் யோசனை கூறினர். கேரி மறுத்துவிட்டார். அங்கே எவ்வாறு நடத்துவார்களோ என்று அஞ்சினார். எந்தக் கதறலுக்குத் தாமும் ஓரளவு பொறுப்போ, அதைத் தம் காதுக்கெட்டாத தொலைவுக்கு அனுப்பிவிடாமல் அதன் அருகிலேயே அமர்ந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தார். கேரியின் சாதனைகளைப் பட்டியலிடுவோர் ராமாயணப் பதிப்பையும் கல்லூரியையும் சதி ஒழிப்பிற்கு அவர் துணைநின்றதையும் கூறுவார்கள். அவற்றோடு இந்த மறுப்பையும் சேர்க்க வேண்டும். அனைத்தையும் விட இதுவே பெரிது எனக் கொள்வாரும் இருக்கலாம்.

‘கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது’ என்று நம் மக்கள் கூறுவார்கள். உடைத்தவரின் பக்தி பொய்யென்று அந்தப் பழமொழி சொல்வதில்லை. தேங்காய் யாருடையது என்றுதான் கேட்கிறது. லூக்கா எழுதிய நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில், தம்மைப் பின்பற்றுவோர் மனைவி மக்களையும் பொருட்படுத்தலாகாது என்று இயேசுநாதர் மிகக் கடுமையாகக் கூறுகிறார். அதை அடுத்தே, கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்றும் கேட்கிறார். முதற் பகுதியைக் கொண்டாடுவோர் இரண்டாவதையும் கேட்டாக வேண்டும். கணக்கிடும்போது தன் பையிலிருந்து எவ்வளவு, பிறர் பையிலிருந்து எவ்வளவு என்று தனித்தனியே எழுதுவதல்லவா நேர்மையான கணக்கு? இல்லறத்தில் இருந்துகொண்டே பணிக்கு நேரத்தையும் பொருளையும் அளிக்கும் அன்பர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். தீவுகளுக்கும் காடுகளுக்கும் செல்லாவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் பணிக்குச் சென்றுவிடும் ஒருவரின் வீட்டிலும் அடுத்த அறை ஒன்று இருக்கிறது. அங்கிருப்பவரிடம், முடிவெடுத்த பிறகு அல்ல, முடிவெடுக்கும் முன்பாக, ‘உனக்கு இதில் சம்மதமா?’ என்று கேட்பதற்கு எந்தச் சாஸ்திரமும் தடை சொல்லவில்லை. ‘இல்லை’ என்ற விடை வந்தால் அதை மனபலவீனம் என்று தள்ளாமல் கேட்டுக்கொள்வது கடினமானது. தியானத்தில் அமர்வதைவிடக் கடினமானது.

1807-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் டோரதி காய்ச்சலால் இறந்தார். மறு ஆண்டு கேரி, சார்லட் எமிலியா என்னும் கல்வியறிவுமிக்க டேனிஷ் பெண்மணியை மணந்தார். மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில் கணவருக்குத் துணைநின்ற அந்த அம்மையார் 1821-இல் காலமானார். பிள்ளைகள் வளர்ந்து தத்தம் வழியில் சென்றனர். ஃபீலிக்ஸ் பர்மாவில் பணியாற்றச் சென்றான். 1814-இல் ஐராவதி நதியில் படகு கவிழ்ந்து மனைவியையும் குழந்தைகளையும் பறிகொடுத்தான்.

கேரி 1834-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் செராம்பூரில் மறைந்தார். இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்ட பின்னர் நாற்பத்தோர் ஆண்டுகளில் ஒருமுறையும் அவர் தாய்நாடு திரும்பவில்லை. இரண்டாம் மனைவி சார்லட் எமிலியாவின் அருகில் தம்மை அடக்கம் செய்யவேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். டோரதியும் செராம்பூர் மண்ணிலேயே உறங்குகிறார். அவரைப் பற்றி இன்று அறியக் கிடைப்பவை எல்லாம் பிறர் எழுதியவையே. அவர் தம் கையால் இட்டது என்று உறுதியாகச் சொல்லத்தக்கது, பிடிங்டன் பதிவேட்டில் உள்ள அந்தச் சிலுவைக் குறி.