‘அவர்’ என்னும் சொல்



ஆங்கிலத்தில் ஒருவரைச் சுட்ட ‘ஹீ’, ‘ஷீ’ என்று ஆண், பெண் பார்த்தே பேசுவது வழக்கம். நம் தமிழிலோ ‘அவர்’ உண்டு. முன்பு பலரைக் குறித்த இச்சொல், நாளடைவில் ஒருவருக்கும் மரியாதைச் சொல்லாயிற்று. அது ஆண், பெண் பேதம் பார்ப்பதில்லை. ஆனால் அதை யாருக்குக் கொடுக்கிறோம், யாருக்கு மறுக்கிறோம் என்பதைச் சற்றே சிந்தியுங்கள்.

நம் மாவட்டத்துக் கூவாகத்திற்குச் சித்திரைத் திருவிழாவில் திருநங்கையர் திரளாக வருகின்றனர். அவர்களில் ஒருவரைக் கடைத்தெருவில் கண்டு, ‘அது போகுது’ என்போரும் உண்டு. ‘குழந்தையையும் அது என்கிறோமே, இதிலென்ன தவறு?’ என்று நீங்கள் கேட்கலாம். குழந்தையிடம் அச்சொல் கொஞ்சல். வளர்ந்த ஒருவரை அப்படிச் சொன்னாலோ, அவரை மனிதர் வரிசையிலிருந்தே தள்ளிவிடுகிறோம்.

மக்களை உயர்திணை என்று வகுத்த தொல்காப்பியம், ஆண்தன்மை திரிந்து பெண்தன்மை கொண்டவரையும் உயர்திணையிலேயே வைத்தது. தம் பாலினம் இன்னதென்று தாமே சொல்லும் உரிமையை 2014-இல் உச்ச நீதிமன்றமும் அவர்களுக்கு உறுதி செய்தது.

வயலில் உழைக்கும் முதியவரைச் சிறுவன் ‘அவன்’ என்று சொல்வதும் இதே குற்றமே. அங்கே பால் சரிதான், மதிப்புத்தான் இல்லை.

பெற்றோரே, வீட்டில் நீங்கள் பேசுவதைக் கேட்டே பிள்ளைகள் பேசுகின்றனர். எப்படிச் சுட்டுவதென்று தெரியாதபோது ‘அவர்’ என்றே சொல்லுங்கள். ‘அவள்’ என்று சொல்லும்படி ஒருவர் கேட்டால், தயங்காமல் அப்படியே சொல்லுங்கள்.