ஓட்டுநரின் மனமும் ஓடும் படமும்

திரையுடன் கூடிய கார் ஸ்டீரியோவில் படம் ஓடுவதற்குப் பொதுவாக ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டிருக்கும். செட்டின் பின்புறமிருந்து வரும் ஒயர்க் கொத்தில், பெரும்பாலும் இளம்பச்சை நிறத்தில் இருக்கும் மெல்லிய ஒயர் ஒன்று கைப்பிரேக்கின் அடியிலுள்ள சுவிட்சோடு இணைக்கப்பட வேண்டும். பிரேக்கை இழுத்து வண்டியை நிறுத்தும்போது அந்த ஒயருக்கு எர்த் கிடைக்கும், கிடைத்தால்தான் திரையில் படம் வரும். பிரேக் விடுபட்டதும் படம் மறைந்து எச்சரிக்கை வாசகம் தோன்ற, ஒலி மட்டும் தொடரும். கார் அக்சஸரீஸ் கடைகளில் நடப்பது பெரும்பாலும் வேறு. அந்த ஒயரைக் கைப்பிரேக் வரை கொண்டுசெல்லாமல், டேஷ்போர்டுக்கு உள்ளேயே வண்டியின் பாடியில் ஒரு ஸ்க்ரூவின் அடியில் முறுக்கிவிட்டால், பிரேக் எப்போதும் இழுக்கப்பட்டே இருப்பதாகச் செட் எண்ணிக்கொள்கிறது. இந்தத் தந்திரத்தை அறிந்துகொண்ட சில நிறுவனங்கள், பிரேக்கை ஒருமுறை இழுத்து, விட்டு, மறுமுறை இழுத்தால்தான் படம் வரும் என்று அமைக்க, அந்த வரிசையையே போலியாகச் செய்துகாட்டும் சிறு கருவிகளும் சந்தைக்கு வந்தன. மலிவான ஆண்ட்ராய்டு செட்டுகள் பலவற்றில் இத்தனை பாடும் தேவையில்லை. அமைப்புப் பக்கத்தில் ஒரு கட்டத்தைத் தொட்டால் போதும்.

ஓட்டுபவரின் கண்ணெதிரே படம் ஓடலாமா என்ற வினாவுக்குச் சட்டங்கள் சுருக்கமாகவே விடை சொல்லிவிட்டன. பிரிட்டனின் 1986ஆம் ஆண்டு வாகன விதிகளுள் 109ஆவது, நேராகவோ பிரதிபலிப்பாகவோ ஓட்டுநர் காணக்கூடிய இடத்தில் வழி, வாகன நிலை முதலிய தகவல்களைத் தவிர வேறு காட்சி ஓடக்கூடாது என்கிறது. அமெரிக்காவின் வணிக வாகன விதியோ தொலைக்காட்சித் திரை ஓட்டுநர் இருக்கையின் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் ‘வீடியோ கோச்’ என்று பக்கவாட்டில் எழுதிக்கொண்டு ஓடிய தனியார் பேருந்துகளிலும் பெட்டி ஓட்டுநருக்குப் பின்னுள்ள தடுப்பின் மேல், பயணிகளை நோக்கியே இருந்தது. இரவு முழுவதும் படத்தின் வசனங்களைக் கேட்டுக்கொண்டு, ஒரு காட்சியையும் காணாமல், ஓட்டுநர் வண்டியைச் செலுத்தினார். ஆனால் சட்டம் விலக்கியதாலேயே ஒரு செயல் ஏன் தீயது என்பது விளங்கிவிடுவதில்லை. படம் பார்த்துக்கொண்டே ஓட்டி, யாரையும் இடிக்காமல் வீடு சேர்ந்தவர் செய்த பிழை யாது என்பதே மெய்யியலாளரிடம் வந்து சேரும் வினா.

அதற்கு முன்னர்த் தீர்க்கவேண்டியது, இரண்டையும் ஒருங்கே பார்த்ததாக அவர் சொல்லும் கூற்று உண்மையா என்பது. இந்தியத் தரிசனங்களுள் அளவையியலைத் தன் முதன்மைத் துறையாகக் கொண்ட நியாயம், இதை நேரடியாகவே எடுத்துப் பேசியிருக்கிறது. கௌதமர் இயற்றியதாகச் சொல்லப்படும் நியாய சூத்திரத்தின் முதல் அத்தியாயம், அறிவுகள் ஒரே கணத்தில் பலவாகத் தோன்றாமையே மனம் என்ற ஒன்று உண்டு என்பதற்கு அடையாளம் என்கிறது. கண்ணின் முன் உருவமும், காதருகே ஒலியும், மூக்கருகே மணமும் ஒரே வேளையில் இருந்தும், அறிவு ஒன்றன்பின் ஒன்றாகவே எழுகிறது என்றால், புலன்களுக்கும் ஆன்மாவுக்கும் இடையே நின்று, ஒரு கணத்தில் ஒரு புலனோடு மட்டுமே கூடக்கூடிய ஒரு கருவி இருக்கவேண்டும். அவ்வாறு ஒன்றோடு மட்டுமே கூடுவதால் அது அணுவளவினதாகவும் இருக்கவேண்டும் என்பது நியாயத்தாரது அனுமானம். 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய தருக்க சங்கிரகம் மனத்தை ஆன்மாவுக்கு ஒன்றாக அமைந்த அணுவென்று கூறியதும், அடுத்த நூற்றாண்டில் சிவஞான முனிவர் அந்நூலைத் தமிழாக்கியதும் இக்கொள்கை தமிழ்க் கல்வி மரபுக்குள் வந்த வழிகளுள் ஒன்று.

இதற்கு எழுந்த தடை சுவையானது. நீண்ட, மொறுமொறுப்பான பணியாரம் ஒன்றைக் கடித்துத் தின்பவர் அதன் வடிவத்தைக் காண்கிறார், மணத்தை முகர்கிறார், சுவைக்கிறார், கடிக்கும் ஓசையைக் கேட்கிறார், தொடுகிறார்; ஐந்தும் ஒருசேர நிகழ்வதை யாரும் மறுக்கமுடியாதே என்றனர் எதிர்வாதிகள். நியாயத்தார் காட்டிய விடை கொள்ளிவட்டம்: இருட்டில் வேகமாகச் சுழற்றப்படும் கொள்ளிக்கட்டையின் நுனி ஒவ்வொரு கணமும் ஓரிடத்தில் மட்டுமே இருந்தும், விரைவினால் முழுவட்டமாகத் தெரிகிறது, அதுபோல அறிவுகளின் வரிசையும் விரைவினால் ஒருங்கு நிகழ்வதாகத் தோன்றுகிறது. திரையையும் சாலையையும் சேர்த்தே பார்ப்பதாகச் சொல்லும் ஓட்டுநர் காண்பது இந்தக் கொள்ளிவட்டத்தையே. வட்டத்தில் இல்லாத நெருப்பை இருப்பதாகக் காண்பதுபோல, பார்க்காத இடைவெளிகளையும் பார்த்த சாலையாக அவர் எண்ணிக்கொள்கிறார். அந்த இடைவெளி சிறிதன்று: மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 2 நொடிகளில் ஏறத்தாழ 44 மீட்டர் கடந்துவிடும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வண்டிக்குள்ளிருக்கும் கருவியை ஒருமுறை பார்ப்பதற்கு வைத்த எல்லையும் அதே 2 நொடிதான். அதுவும் பாட்டு மாற்றுதல் போன்ற சிறு வேலைகளுக்கு. ஓடும் படத்தை வழிகாட்டுதல் அடியோடு விலக்கியது.

ஆபத்து நேர்ந்தால் கவனம் தானாகத் திரும்பிவிடும் என்ற வாதமும் புதிதன்று. உறங்குபவரையும் வேறொன்றில் தோய்ந்திருப்பவரையும் பற்றி நியாய சூத்திரமும் அதற்கு வாத்ஸ்யாயனர் எழுதிய உரையும் பேசுகின்றன: இடி இடித்தால் உறங்குபவரும் விழிக்கிறார், அவர் விரும்பி மனத்தைச் செலுத்தாமலே புலனும் பொருளும் கூடிய வலிமை அறிவை எழுப்பிவிடுகிறது. ஆயின் இந்த விதிவிலக்கு பொருளின் வலிமையைச் சார்ந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். எதிரே வரும் லாரியின் ஹாரன் ஓட்டுநரை இழுத்துவிடும். விளக்கில்லாத சைக்கிளும், சாலையோரத்துப் புளியமரத்தின் பின்னாலிருந்து ஓசையின்றி இறங்கும் குழந்தையும் இழுப்பதில்லை. சாலையில் அஞ்சவேண்டியவற்றுள் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

அப்படியானால் பாட்டும் குற்றமா என்று கேட்கலாம். கொள்கையளவில் நியாயத்தார் பாட்டுக்கு முழு விலக்கு அளிக்கமுடியாது. காதோடு கூடிய மனம் அக்கணத்தில் கண்ணை விட்டு விலகியதுதான். ஆனால் அறிவிலிருந்து இச்சையும், இச்சையிலிருந்து முயற்சியும் பிறக்கின்றன என்ற அவர்களது வரிசையைக் கொண்டே வேறுபாட்டை விளக்கலாம். மனப்பாடமான பாட்டு அடுத்து என்ன வரும் என்ற இச்சையைப் பெரிதாக எழுப்புவதில்லை. கதைப்படமோ ஒவ்வொரு காட்சியிலும் அடுத்ததைக் காணும் இச்சையை உண்டாக்குவதற்கென்றே வெட்டி ஒட்டப்பட்டது. எனவே கண் சாலைக்குத் திரும்பிய பின்னும் மனம் கதையிலேயே தங்கிவிடுகிறது. கண்ணின் பார்வைநேரத்தை மட்டும் நொடிக்கணக்கில் அளப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

கட உபநிடதத்தின் தேர் உருவகம் இங்கே நினைவுக்கு வருவது இயல்பு. அதில் உடல் தேர், ஆன்மா தேரில் வீற்றிருப்பவர், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள், புலன்கள் நுகரும் பொருள்களே அவை ஓடும் வழிகள். காருக்கு இதைப் பொருத்தும்போது இரண்டு இடங்களில் உருவகம் முறிகிறது. தேருக்கு வெளியே வழியாக விரிந்துகிடந்த நுகர்பொருள் இப்போது தேருக்குள்ளேயே, சாரதியின் முழங்கைத் தொலைவில் வந்து அமர்ந்துவிட்டது. வீற்றிருப்பவரும் சாரதியும் இருவராக இருந்தது போய், சொந்தக் காரை ஓட்டுபவரிடத்தில் இருவரும் ஒருவராகிவிட்டனர். வீற்றிருப்பவர் இன்பம் நுகர்வதை அந்த உபநிடதம் மறுக்கவில்லை. அவரை நுகர்பவர் என்றே அழைக்கிறது. பின்னிருக்கையில் குழந்தைகள் படம் பார்ப்பதில் குற்றமில்லை என்பதும், முன்னிருக்கையில் ஓட்டுபவர் அதே படத்தைப் பார்ப்பது குற்றம் என்பதும் ஒரே அடிப்படையிலிருந்து வருபவை.

புலனடக்கம் அகத்தில் இருக்கவேண்டியது, ஓர் ஒயரால் திணிக்கப்படும் அடக்கத்துக்கு அறமதிப்பு ஏது என்ற கருத்து பலமானதாகத் தோன்றும். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு மாடல் கார்களில் சீட் பெல்ட் அணியாவிட்டால் எஞ்சின் இயங்காதபடி அமைக்கவேண்டும் என்ற விதி வந்தபோது, மக்களின் எரிச்சலால் அதே ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் அக்கட்டாயத்தை நீக்கிவிட்டது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூனோ லத்தூர் 1992இல் எழுதிய கட்டுரை ஒன்றில் சீட் பெல்ட்டை எடுத்துக்கொண்டு, மனிதர் தம் ஒழுக்கத்தில் ஒரு பகுதியைப் பொருள்களிடம் ஒப்படைத்துவிட்டனர் என்றும், ஒழுக்கம் குறைந்துவிட்டதாகப் புலம்புவோர் அப்பொருள்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்றும் வாதிட்டார். லத்தூரின் நகைச்சுவை சில வேளை வாதத்தை விழுங்கிவிடுகிறது என்றாலும், இந்த இடத்தில் அவர் சொன்னது சரி. அகத்து அடக்கத்தைப் போற்றுவோர் விரதம் என்ற நிறுவனத்தை மறந்துவிடுகிறார்கள். இன்ன திசையில் இத்தனை தொலைவுக்கு மேல் செல்லமாட்டேன் என்று சமண இல்லறத்தார் ஏற்கும் திசை விரதம், ஆசை எழும் வேளையில் போராடுவதற்கு மாறாக, ஆசை எழாத வேளையிலேயே எல்லையைக் கட்டிவிடும் முறை. கைப்பிரேக் ஒயரும் அத்தகைய எல்லைதான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பிறக்கிறது. ஓடும் வண்டியில் கண் திரைக்குத் தாவுவது கணநேரத்துப் பலவீனம்; அங்கே மனத்தின் இயல்பு தன் வேலையைச் செய்கிறது. ஆனால் அந்த ஒயரைப் பாடியில் முறுக்கச் சொன்ன முடிவு, நிறுத்தப்பட்ட வண்டியின் அருகே, கடைவாசலில் தேநீர் குடித்துக்கொண்டு, எந்த ஆசையின் நெருக்குதலும் இல்லாமல் எடுக்கப்பட்டது. குற்றத்தின் இடம் நெடுஞ்சாலை அன்று, அந்தக் கடைவாசல்தான். திருக்குறள் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்து, மகிழ்ச்சியின் மிகுதியால் வரும் மறதியை மிகுந்த சினத்தினும் தீயதாக வைக்கிறது. மறப்பதற்கு முன்னேற்பாடு செய்துகொள்பவரை எங்கே வைப்பது என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, யாரையும் இடிக்காதவரின் பிழை. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் என்னும் சமண நூல் இம்சையை வரையறுக்கும்போது, கவனமின்மையோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு செய்தல் என்று கவனமின்மையை முன்னே நிறுத்துகிறது. சமணத் துறவி நடக்கும்போது நுகத்தடி நீளத்துக்கு முன்னாலுள்ள நிலத்தைப் பார்த்தபடியே அடிவைக்கவேண்டும் என்பது ஈரியா சமிதி எனப்படும் நெறி. காலடியில் எறும்பும் புழுவும் மாளாமல் காக்கும் நடைக்கவனம் அது. வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர்மலையோடு மரபு இணைத்துப் பேசும் குந்தகுந்தர், தம் பிரவசனசாரத்தில் இதை இறுதிவரை கொண்டுசெல்கிறார்: உயிர் மாண்டாலும் மாளாவிட்டாலும் கவனமின்றி நடப்பவருக்கு இம்சை உறுதி, கவனத்தோடு நடப்பவரின் காலடியில் ஓர் உயிர் நைந்தாலும் அம்மாத்திரத்தால் அவருக்கு வினைப்பந்தம் இல்லை. நுகத்தடி நீளம் நடப்பவரின் வேகத்துக்கு உரிய அளவு. 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் நுகத்தடி எத்தனை மீட்டர் நீள்கிறது என்பது மேலே சொன்ன கணக்கிலிருந்தே விளங்கும்.

மேலை மெய்யியல் இதே சிக்கலை 1976இல் பெர்னார்ட் வில்லியம்சும் தாமஸ் நேகலும் எழுதிய கட்டுரைகளின் வழியே ‘அறவியல் அதிர்ஷ்டம்’ என்ற பெயரில் அறிந்தது. ஒரே அளவு அலட்சியமான இரு ஓட்டுநருள் ஒருவரின் வழியில் குழந்தை வந்தது, மற்றவரின் வழியில் வரவில்லை; உலகம் முன்னவரையே பழிக்கிறது. குந்தகுந்தரின் விடை இங்கே அதிர்ஷ்டத்துக்கு இடமே கொடுக்காமல் இருவரையும் ஒரே நிரையில் நிறுத்திவிடுகிறது. ஆயினும் வில்லியம்ஸ் சுட்டிய ஒன்றைச் சமண நெறி விட்டுவிடவில்லை: குற்றமற்ற லாரி ஓட்டுநரும் தன் சக்கரத்தில் மாண்ட குழந்தைக்காக, வழிப்போக்கர் வருந்துவதைவிட வேறுவிதமாக வருந்துகிறார் என்பார் அவர். சமணத் துறவியும் கவனத்தோடு நடந்து வந்த பின்னரும், நடையினால் தாம் அறியாமல் செய்திருக்கக்கூடிய ஊறுகளுக்காகப் பிரதிக்கிரமணம் என்னும் கழுவாயைச் செய்கிறார்.

தீவினையைச் செய்தல், செய்வித்தல், உடன்படல் என்று மூன்றாகப் பிரிப்பது சமணத்துக்கும் யோக சூத்திரத்துக்கும் பொது. ஒயரை முறுக்கிய கடைப்பையன் கேட்டதைச் செய்தவன். மறுத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். “ஓட்டும்போதும் படம் வரணுமா சார்?” என்று அவனே முந்திக்கொண்டு கேட்பது தொழிலின் மரியாதையாகிவிட்ட நிலையில், செய்வித்தவர் யார், செய்தவர் யார் என்பது குழம்புகிறது. முன்னிருக்கையில் அமர்ந்து, ஓட்டுபவரிடம் படம் போடச் சொன்னவர் உடன்பட்டவரினும் ஒரு படி மேலே போனவர். கடினமான வழக்கு, அந்தக் காரைப் பழைய வண்டியாக வாங்குபவருடையது. டேஷ்போர்டுக்குள் ஒயர் முறுக்கப்பட்டிருப்பது அவருக்குத் தெரியாது. அவர் செய்யவுமில்லை, செய்விக்கவுமில்லை. வண்டி நகர்ந்த பின்னும் படம் ஓடுவதை முதல்முறை கண்டு, அணைக்காமல் விட்ட கணத்தில் அவர் உடன்பட்டவராகிறார். அதுவரை அவர் மீது எதுவும் இல்லை.