அம்மாவுக்கு ஒரு துப்பாக்கி

2009 நவம்பரில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் முன்னாள் காவலர் ஒருவர் க்ளாக் 19 ரகக் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கினார். பென்சில்வேனியாவில் இருந்த உறவுக்காரப் பெரியவருக்காக வாங்கியது அது. காவல் துறையினருக்கான விலைக்குறைப்பு தமக்குக் கிடைக்கும் என்று அவர் நினைத்தார். அதற்காகத்தான் இந்தச் சுற்று வழி. பெரியவர் 400 டாலருக்கு முன்கூட்டியே காசோலை அனுப்பியிருந்தார். துப்பாக்கி வைத்துக்கொள்ள இருவருக்குமே சட்டத்தில் தடை இல்லை. பெரியவர் தம் ஊர் டீலரிடம் பின்னணிச் சோதனைக்கு உட்பட்டுத்தான் அதைப் பெற்றுக்கொண்டார். ஆனாலும் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2014இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வாங்கியவருக்கு எதிராகத் தீர்ப்பானது. துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் 4473 என்ற படிவத்தில், உண்மையில் வாங்குகிறவர் தாம்தான் என்று அவர் குறித்திருந்தார். அதுதான் குற்றம்.

அதே துப்பாக்கியைச் சொந்தக் காசில் வாங்கி அன்பளிப்பாகக் கொடுத்திருந்தால் அந்தப் பதில் பொய்யாகியிருக்காது. உள்ளபடியே அன்பளிப்பாகக் கொடுக்க வாங்குகிறவரும் 'உண்மையில் வாங்குகிறவரே' என்று படிவத்தின் குறிப்பு சொல்கிறது. மாநில எல்லையைத் தாண்டினால் பெறுகிறவர் ஊரில் உள்ள டீலர் வழியாகப் போக வேண்டும். ஒரே மாநிலத்தில் இருக்கும் மகன் தாய்க்குக் கொடுப்பதானால் பெரும்பாலான இடங்களில் அதுவும் வேண்டாம். தனியார் விற்பனைக்குக்கூடச் சோதனை கேட்கும் மாநிலங்கள் பல, பெற்றோர் பிள்ளைகளுக்கு இடையிலான அன்பளிப்பு என்றால் வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படிக் கருத நியாயமான காரணம் இருந்தோ கொடுக்கக் கூடாது என்கிறது மத்தியச் சட்டம். அதற்கு மேல் சட்டம் வாய் திறப்பதில்லை.

இதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெற்ற தாயைப் பற்றிப் பிள்ளைக்குத் தெரியாததா அரசாங்கத்துக்குத் தெரிந்துவிடப் போகிறது என்ற நம்பிக்கை. விசாரிக்கும் வேலையைச் சட்டம் பிள்ளையிடம் விட்டுவிட்டது. பிள்ளை விசாரிக்கிறாரா என்பதில்தான் இந்த அன்பளிப்பின் அறம் நிற்கிறது.

பெரும்பாலும் விசாரிப்பது வேறொன்றை. அம்மாவுக்கு மூட்டுவாதம், விரல்களில் பலம் போதாது, எந்த மாடல் சரிப்படும்? கைத்துப்பாக்கியின் மேல்புறத்தில் உள்ள ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க வயதான கைகள் திணறும். ரிவால்வரில் அந்தத் தொல்லை கிடையாது, ஆனால் விசை கடினம். இந்தச் சிக்கலைக் கண்டுகொண்டுதான் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 2018இல் ஷீல்டு ஈஸி என்ற மாடலைக் கொண்டுவந்தது. இழுக்கச் சுலபம் என்பதைப் பெயரிலேயே எழுதி விற்றார்கள். எடை, உதைப்பு, கைப்பிடியின் அளவு என்று கடையில் நடக்கும் உரையாடல் செருப்புக்கடையில் அளவு பார்ப்பதுபோல அக்கறையாகவே நடக்கும். அந்த அக்கறை பொய் இல்லை. ஆனால் அளவெடுக்கப்படுவது தாயின் விரல்கள் மட்டுமே. அவருடைய இரவுகளை யாரும் அளப்பதில்லை.

பிள்ளையின் பயத்தைக் கேலி செய்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. துப்பாக்கியைக் காவலர் இடுப்பிலும் வங்கி வாசலிலும் மட்டுமே பார்த்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு அது எளிது. டெக்சஸிலோ மொன்டானாவிலோ ஊருக்கு வெளியே பண்ணை வீட்டில் தனியாக வாழும் கைம்பெண்ணுக்கு அடுத்த வீடு என்பதே கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும். அழைத்தால் ஷெரிஃபின் வண்டி வர அரைமணிக்கு மேல் ஆகிற இடங்கள் உண்டு. வீட்டுக்குள் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்று 2008இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இன்னொரு வகையும் இருக்கிறது. பென்சில்வேனியாவில் மான் வேட்டைக் காலம் தொடங்கும் நாளில் பல பள்ளிகள் நெடுங்காலமாக விடுமுறை விட்டுவந்தன. சிறுவயதில் தன்னைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் குறிபார்க்கக் கற்றுத்தந்த அப்பாவுக்கு, ஓய்வுபெறும் நாளில் மகள் ஒரு வேட்டைத் துப்பாக்கி வாங்கித் தருகிறாள் என்றால், அது ஐம்பது ஆண்டுப் பழக்கத்துக்குச் செய்யும் மரியாதை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமாகாது.

இரண்டுக்கும் இடையே முதலில் கண்ணில் படும் வேறுபாடு, கேட்டாரா என்பது. ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் இரக்கும்போது சொல்லும் சொற்கள் என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது: தாழ்ந்தவர் ஈ என்பார், ஒத்தவர் தா என்பார், உயர்ந்தவர் கொடு என்பார். அந்தக் கணக்கில் தாய் மகனிடம் சொல்ல வேண்டியது 'கொடு'. அவர் அதைச் சொன்னாரா? சொல்லாமலே வந்து சேரும் பொருளுக்கு இலக்கணத்தில் இடமிருக்கிறதோ இல்லையோ, வாழ்க்கையில் ஒரு நெருக்கடி இருக்கிறது. பிள்ளை வாங்கித் தந்ததைப் பெற்றவர்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை. பிடிக்காத புடவையை ஒருமுறை உடுத்திக் காட்டிவிட்டு அலமாரியில் வைத்துவிடலாம். துப்பாக்கியை அலமாரியில் வைத்தால் அது அலமாரியில் இருக்கும் துப்பாக்கி.

அங்கே அது என்ன செய்துகொண்டிருக்கும்? அமெரிக்காவில் 2022இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,204 பேர். அவர்களில் 27,032 பேர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்கள். திருடனும் கொலையாளியும் சேர்ந்து எடுத்த உயிர்களைவிட இது அதிகம். வயதுவாரியாகப் பார்த்தால் எழுபத்தைந்தைக் கடந்த ஆண்களிடம்தான் அந்த நாட்டில் தற்கொலை விகிதம் மிக அதிகம். கலிஃபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2020இல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், வைத்திராதவர்களைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு என்று அது கண்டது. பெண்களிடம் 35 மடங்கு. துணையை இழந்த முதல் ஆண்டு, மருத்துவர் கெட்ட செய்தி சொன்ன வாரம், தூக்கம் வராத ஒரு மூன்று மணி. அந்த நேரம் கடந்துபோகும். கடந்து போகும்வரை கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பது பெரிய விஷயம்.

என் அம்மா அப்படிப்பட்டவர் இல்லை என்பார் பிள்ளை. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எந்த அம்மா? நன்றாகப் பராமரித்த கைத்துப்பாக்கி பல பத்தாண்டுகள் வேலை செய்யும். அறுபத்தெட்டு வயதில் கொடுத்ததை எண்பத்திரண்டு வயதில் வைத்திருப்பவர் வேறு மனுஷி. அறுபத்தைந்தைத் தாண்டிய அமெரிக்கர்களில் ஏறத்தாழ ஒன்பது பேரில் ஒருவருக்கு அல்சைமர் நோய் இருக்கிறது. மறதி முற்றிய நாளில், மாத்திரை கொடுக்க இரவில் அறைக்குள் வரும் மகனையே திருடன் என்று அவர் நினைக்கக்கூடும். மறதிநோய் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் மத்தியச் சட்டம் துப்பாக்கியைத் திருப்பி வாங்குவதில்லை. வாங்க வேண்டியவர் கொடுத்தவர்தான். கார்ச் சாவியை அப்பாவிடமிருந்து வாங்குவது எவ்வளவு கசப்பான காரியம் என்று அங்குள்ள குடும்பங்கள் அடிக்கடி பேசிக்கொள்கின்றன. துப்பாக்கி அதைவிடக் கசப்பு. கொடுக்கும்போது சிரித்த முகத்தோடு நின்றவர், ஒருநாள் திருடனைப்போல இழுப்பறையைத் திறந்து பார்க்க வேண்டிவரும். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் வீடாக இருந்தால் அந்த இழுப்பறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பெற்றோர் குழந்தைகள் இல்லை. தமக்கு எது ஆபத்து, எது பாதுகாப்பு என்று முடிவெடுக்கும் உரிமை அவர்களுடையது. வயதானவர்களின் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவதற்கு அக்கறை என்று பெயர் வைக்கும் பழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. இவ்வளவும் சரி. ஆனால் இந்த வாதம் திருப்பி வாங்குவதற்கு எதிரான வாதம். வாங்கிக் கொடுக்க மறுப்பதற்கு எதிராக இதைத் தூக்கிப்பிடிக்க முடியாது. பிள்ளை வாங்கித் தராவிட்டால் தாய்க்கு எதுவும் பறிபோவதில்லை. வேண்டுமென்றால் அவரே கடைக்குப் போய், அவரே படிவம் நிரப்பி, தம் கைக்கு எது பொருந்தும் என்று அவரே பார்த்து வாங்கலாம். அந்த முடிவை அவர் எடுப்பதற்கு முன்னால், வண்ணக் காகிதம் சுற்றி மடியில் வைப்பதுதான் அவர் உரிமைக்குள் தலையிடுவது.

பயம் யாருடையது என்ற கேள்வியும் இங்கே இருக்கிறது. ஆயிரம் மைலுக்கு அப்பால் வேலை பார்க்கும் பிள்ளைக்கு, தாய் தனியாக இருக்கிறார் என்ற நினைப்பு உறுத்துகிறது. அந்த உறுத்தலில் பாதி திருடனைப் பற்றியது, பாதி தான் பக்கத்தில் இல்லை என்பதைப் பற்றியது. ஐந்நூறு டாலரில் இரண்டாவது பாதியையும் சேர்த்து அடக்கிவிடத் தோன்றுவது மனித இயல்பு. தாயைக் கேட்டிருந்தால் அவர் வாசலில் நல்ல விளக்கு கேட்டிருக்கலாம், உறுதியான தாழ்ப்பாள் கேட்டிருக்கலாம், ஒரு நாய் கேட்டிருக்கலாம். வாரத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணச் சொல்லியிருக்கலாம். கடைசியில் சொன்னதுதான் விலை அதிகம். அதனால்தான் பலர் கேட்பதில்லை.

ஆகவே இப்படிச் சொல்லலாம். வாழ்நாள் முழுதும் துப்பாக்கி பழகியவர் கேட்டால், அவரோடு கடைக்குப் போய், பூட்டும் பெட்டியையும் சேர்த்து வாங்கி, நினைவு தடுமாறும் நாள் வந்தால் அதை யார் எடுத்து வைத்துக்கொள்வது என்று இன்றே வாய்விட்டுப் பேசிக் கொடுக்கும் துப்பாக்கியில் தவறு இல்லை. பழக்கமில்லாதவருக்குக் கேளாமல் கொடுப்பது தவறு. துக்கத்தில் இருப்பவர் என்றால், கேட்டே கொடுத்தாலும் அந்த ஆண்டில் கொடுப்பது தவறு. சட்டம் இந்த மூன்றையும் ஒன்றாகவே பார்க்கிறது.

4473 படிவத்தில் வாங்குகிறவரின் பிறந்த தேதியை எழுத ஒரு கட்டம் உண்டு. அன்பளிப்பைப் பெறப்போகிறவரின் வயதைக் கேட்க அதில் கட்டம் இல்லை.