ஓடு மாறும் நண்டு



நமது ஜொகூரின் மெர்சிங் கடற்கரையில் வற்றத்தின்போது நின்று பாருங்கள். சங்கு ஒன்று தானாக நடந்து போகும். உள்ளே இருப்பது நண்டு. மலாய்க்காரர்கள் அதனை உமாங்-உமாங் என்பர். தமிழில் துறவி நண்டு.

அதன் பின்னுடல் மென்மையானது. வல்ல நாயன் அவ்விடத்திற்கு ஓடு கொடுக்கவில்லை. ஓடு தேடும் அறிவைக் கொடுத்தான். செத்த நத்தையின் ஓடே அதற்கு வீடு. கண்டதும் புகுந்துவிடாது. காலால் புரட்டிப் பார்க்கும். கொடுக்கை உள்ளே விட்டு அளக்கும். சிறியதானால் வளர்ச்சி குன்றும். பெரியதானால் சுமந்தே களைக்கும். மாறும்போது பழைய ஓட்டைச் சற்றே பிடித்திருக்கும். புதியது பொருந்தியதும் விட்டுவிடும். அதனை அடுத்த நண்டு எடுக்கும். அது விட்டதை அதனினும் சிறியது எடுக்கும். ஐவன் சேஸ் முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1988-ல் இதனைக் 'காலியிடச் சங்கிலி' என்று விளக்கினார்கள். ஓர் ஓடு காலியானால் பல நண்டுகளுக்கு வழி பிறக்கிறது.

நண்டுகளிலும் ஓட்டுக்காகச் சண்டை உண்டு. ஆயினும் இரண்டு ஓடுகளைச் சுமந்து திரியும் நண்டு இல்லை.

சகோதரர்களே! நான் சுமந்தேன். சென்ற ஆண்டு பெரிய கடைக்கு மாறினேன். "காக்கா, பழைய கடையை எனக்கு விடுங்களேன்" என்று நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் கேட்டார். எதிரே போட்டி வந்துவிடுமே என்று அஞ்சி, "சரக்கு வைக்க வேண்டும், தம்பி" என்று பொய் சொன்னேன். பத்து மாதம் பூட்டி வைத்து வாடகை கட்டினேன். உள்ளே கிடந்தவை காலிப் பெட்டிகள்.

மெர்சிங்கில் இந்த நண்டைப் பார்த்துத் திரும்பியவன், சாவியை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். கடை வைக்கச் சேர்த்த பணம் சாப்பாட்டுக்கே கரைந்து, சிங்கப்பூருக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். சாவி என் கையிலேயே இருந்தது.

நம் ரிஜ்கை அளப்பவன் அல்லாஹ். அடுத்தவன் கதவைப் பூட்டுவதால் அது ஒரு காசும் கூடாது. முடிவில் மூன்று துண்டுக் கபனோடு எல்லா ஓட்டையும் விட்டுப் போகிறவர்கள் நாம். பூட்டிய கடை வைத்திருப்போர் இம்மாத வாடகை கட்டுமுன் ஒரு நிமிடம் யோசிப்பீர்களாக.

யா அல்லாஹ்! தேவைக்கு மேல் பிடித்திருப்பதை, கேட்பவன் போய்விடுமுன் விட்டுக்கொடுக்கும் மனத்தை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.